நேரமிருப்பின் வாத்திய இசை

வாவிக்கரை மக்கள் வாத்தியக் குழுவில் வாத்தியம் வாசிப்பவர்கள் இருபத்தேழு பேர், வாசிக்காதவர்கள் முப்பத்தொரு பேர். வாசிக்காதவர்களுக்கு நிர்வாக சபை என்று பெயர். தலைவர் ஒருவர், உபதலைவர்கள் ஐவர், செயலாளர், அவருக்கு உதவியாக மூவர், மிச்சமெல்லாம் போசகர்கள் என்ற புரவலர்கள். போசகர்களிலும் சாதாரணப் போசகர், ஆயுட்காலப் போசகர் என்று இரண்டு தினுசு உண்டு. சாதாரணப் போசகர் ஒருவர் ஆயுட்காலப் போசகராக உயர என்ன செய்ய வேண்டும் என்று எவருக்கும் தெரியாது. சாகாமல் இருந்தால் போதும் என்று கிளாரினெட் வாசிக்கும் காத்தான்குடி றிஷாட் சொல்வான்.

கண்ணகை அந்த இருபத்தேழு பேரில் ஒருத்தி. நாவற்குடாப் பக்கம் ஒரு ஐஸ் ஆலையில் வேலை. விடிய எழும்பிப் போய் மீன்காரர்களுக்கு ஐஸ் கட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வருவாள். விறைத்த விரல்களைப் பால் விடாத பிளேன்டீக் கோப்பையைச் சுற்றி வைத்துச் சூடாக்கிக்கொண்டு வயோலாவை எடுப்பாள். வயோலா என்பது வயலினுக்கு அக்கா முறை. உடம்பு கொஞ்சம் பெரிது, குரல் கொஞ்சம் தாழ்வு, ஒருவரும் பெயர் கேட்பதில்லை. பதினொரு வருடத்துக்கு முன் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று குழுவுக்கு வாத்தியங்களை அன்பளிப்புச் செய்தபோது, வரிசையில் கடைசியாக நின்றவளுக்கு அதுதான் மிஞ்சியது.

கற்பித்தவர் வினாயகமூர்த்தி மாஸ்டர். பாடசாலையில் சங்கீதம் படிப்பித்து ஓய்வுபெற்று, இப்போது கையில் ஒரு குச்சியோடு குழுவை நெறிப்படுத்துகிறவர். நல்ல மனுசன். அவரிடம் ஒரே ஒரு குறை: யாராவது ஒலிவாங்கியில் வாயைத் திறந்தால் அவருடைய கை தானாகக் கீழே இறங்கிவிடும். அது நிர்வாக சபை அவரைப் பழக்கிய பழக்கம்.

பதினொரு இசைப் பருவங்கள் போய்விட்டன. பருவம் என்றால் வேறொன்றுமில்லை, வருடத்துக்கு ஒரு கச்சேரி. அதைக் கச்சேரி என்று சொன்னால் நிர்வாக சபைக்குப் பிடிக்காது, இசைப் பருவத் தொடக்க விழா என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பதினொன்றில் ஒரு தடவையாவது தொடங்கிய இசையை முடிவுவரை வாசித்ததாகக் கண்ணகைக்கு ஞாபகம் இல்லை. நாலு நிமிடம், ஆறு நிமிடம் என்று போகும், பிறகு யாருக்கோ நன்றி சொல்ல வேண்டி வந்துவிடும். ஒருமுறை ஒன்பது நிமிடம் வரை வாசித்தார்கள். அன்றைக்கு ஒலிவாங்கி பழுது.

பன்னிரண்டாம் பருவம் வேறு மாதிரி இருக்கும் என்று அவள் நம்பினாள். நம்பக் காரணம் இருந்தது. நோர்வேயில் வளர்ந்த நிருஷா என்ற பெண் வயலின் வாசிக்க வருகிறாள் என்று அறிவித்திருந்தார்கள். தாய் இங்கே தன்னாமுனை ஆள். பிள்ளைக்கு இருபத்தொன்பது வயது, அங்கே பெரிய குழுவொன்றில் வயலின் வாசிப்பதுதான் தொழில். அவளும் குழுவும் சேர்ந்து வாசிக்க மாஸ்டர் ஒரு பழைய ஐரோப்பிய இசையைத் தெரிவு செய்திருந்தார். மூன்று பகுதி, பதினெட்டு நிமிடம்.

அதன் இரண்டாம் பகுதியில் ஒரு இடம் வரும். மற்ற வாத்தியமெல்லாம் ஓய்ந்துவிட, வயலின் ஒன்றும் வயோலா ஒன்றும் மட்டும் இருபத்துநான்கு பார் தனியே வாசிக்க வேண்டும். பார் என்பது தாளத்தை எண்ணுகிற கட்டம். இருபத்துநான்கு பாரும் ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட வரும். குழுவின் மற்ற வயோலாக்காரர் குவைத்துக்குப் போய்விட்டதால் அது முழுக்கக் கண்ணகையின் பொறுப்பாயிற்று.

நாலு மாதம் வாசித்துப் பழகினாள். பழகியதைக் கேட்டால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. தாழ்ந்த குரலில் மூன்று சுரம், திரும்ப அதே மூன்று, நடுவில் ஒரு இறக்கம், மறுபடியும் அந்த மூன்று. மகள் தனுஷா வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், சனி ஞாயிறில் வீட்டுக்கு வருவாள். ஒருநாள் அவள் கேட்டே விட்டாள்.

"அம்மா, இதில பாட்டு எங்க கிடக்கு?"

"பாட்டு அந்தப் பிள்ளையிட வயலின்ல கிடக்கு. என்னட்ட இருக்கிறது மற்றப் பாதி."

"ரெண்டும் சேந்தா எப்பிடி இருக்கும்?"

"தெரியா மகள். அத ஒருக்காக் கேக்கத்தான் இவ்வளவு பாடும்."

அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. கைதட்டல் வேண்டாம், படம் வேண்டாம். நாலு மாதமாகத் தன் கை வாசிப்பது என்னவென்று ஒரு தடவை தன் காதால் கேட்க வேண்டும்.

முதலாவது ஒத்திகை ஒரு சனிக்கிழமை. இருபத்தேழு பேரும் வாத்தியங்களைச் சுருதி சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதே மண்டபத்தில் நிர்வாக சபைக் கூட்டமும் இருந்தது. தலைவர் அருமைநாயகம், ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர், எழுந்து நின்றார். அவருக்கு உட்கார்ந்து பேச வராது.

"அன்பர்களே, வாத்தியம் வாசிப்பது ஒரு திறமை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு அதிதியின் முன்னிலையில் வாசிக்கும்போதுதான் அது கலையாகிறது. அதிதி இல்லாமல் வாசித்தால் அது வெறும் சத்தம். இந்தப் பதினொரு வருடங்களில் நாம் நூற்று நாற்பது அதிதிகளைக் கௌரவித்திருக்கிறோம். இந்தப் பிராந்தியத்தில் வேறெந்த வாத்தியக் குழு இதைச் சாதித்திருக்கிறது?"

இந்தப் பிராந்தியத்தில் வேறு வாத்தியக் குழுவே இல்லை. ஆனாலும் எல்லாரும் கைதட்டினார்கள். கையில் வயோலாவின் வில்லைப் பிடித்திருந்த கண்ணகை தொடையில் தட்டினாள்.

பிறகு செயலாளர் திவாகரன் அழைப்பிதழ்ப் பட்டியலை வாசித்தார். திவாகரன் எதையும் விட்டுவிடாத மனிதர். பட்டியல் முடிந்ததும் அவர் மாஸ்டரைப் பார்த்து, "இந்த இசைய எழுதினவருக்கு அழைப்பிதழ் போகல்லையே மாஸ்டர். விலாசம் இருக்கா?" என்று கேட்டார்.

"அவர் செத்து இருநூறு வருசம், தம்பி."

அருமைநாயகத்தின் முகம் வாடிவிட்டது.

"இத ஏன் எங்களுக்கு அறிவிக்கல்ல, மாஸ்டர்? ஒரு அனுதாபத் தீர்மானம்கூட நாம போடல்ல. பிந்தினாலும் செய்யாம விடக் குடா."

அனுதாபத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நிகழ்வன்று இரண்டு நிமிட மௌன அஞ்சலி செலுத்துவதென்றும், அதற்கு முன் அன்னாரின் சேவை பற்றி உபதலைவர் ஒருவர் பத்து நிமிடம் உரையாற்றுவதென்றும் முடிவாயிற்று. அன்னாரின் சேவை என்னவென்று அந்த உபதலைவருக்குத் தெரியாது. தெரியாத பொருளில் அவர் இன்னும் நன்றாகப் பேசுவார் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அப்போது மணி ஐந்தரை. மண்டபத்தைப் பூட்ட வேண்டும் என்று காவலாளி சாவிக்கொத்தோடு வந்து நின்றார், ஒத்திகை முடிந்தது.

இரண்டாவது ஒத்திகையில் கதிரைப் பிரச்சினை வந்தது. மேடையில் அதிதிகளுக்குப் பதினாறு கதிரை போட வேண்டும். அதுவும் சாதாரணக் கதிரை அல்ல, கைபிடி வைத்த அகலக் கதிரை. போட்டுப் பார்த்தபோது வாத்தியக் குழுவுக்கு மேடையில் மிஞ்சிய இடத்தில் ஒரு மேளக்காரர் குந்தியிருக்கலாம். திவாகரன் நாடாவைப் பிடித்து மூன்று தரம் அளந்தார். மூன்று தரமும் மேடை வளரவில்லை.

"இருபத்தேழு பேரும் ஒரே பாட்டத்தானே வாசிக்கிறீங்க?" என்று கேட்டார் அருமைநாயகம்.

"ஓம் சேர்," என்றார் மாஸ்டர்.

"அப்ப ஒன்பது பேர் வாசிச்சாக் காணாதா? மத்த ஆக்கள் மாலைத் தட்டுப் பிடிக்கலாமே."

மாஸ்டர் விளக்க முயன்றார். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் வேறு வேறு பங்கு, ஒன்று போனால் மற்றது நிற்காது என்றெல்லாம் சொன்னார். அருமைநாயகம் பெருந்தன்மையோடு கேட்டுவிட்டு, இருபத்தேழு பேரும் வாசிக்கலாம் என்றும், மேடைக்குக் கீழே இடது பக்கத் தூணுக்குப் பின்னால் இருந்து வாசிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தார். தட்டுப் பிடிப்பதையும் அவர் கைவிடவில்லை. வாசிக்கிற பெண்கள் எழுவருக்கும் தட்டுகள் பங்கிடப்பட்டன. பிரதம அதிதியின் நினைவுச் சின்னத் தட்டு கண்ணகைக்கு வந்தது.

"இது பெரிய பொறுப்பு பிள்ள. தட்டு ஆடக் குடா. நல்லாப் பழகிக்கங்க," என்றார் அருமைநாயகம்.

கண்ணகை தன் கையைப் பார்த்தாள். ஐஸ் ஆலையில் ஐம்பது கிலோக் கட்டியை ஆடாமல் தூக்குகிற கை அது. அதற்குப் பயிற்சி வேண்டுமென்று முதன்முதலாகக் கேள்விப்பட்டாள்.

மூன்றாவது ஒத்திகையில் அதிதிகளை வாசலிலிருந்து அழைத்து வருவதைப் பழகினார்கள். முன்னால் பாண்ட் வாத்தியம் போக வேண்டும். வாத்தியக் குழு தூணுக்குப் பின்னால் இருக்க வேண்டியிருந்ததால் ஒரு பாடசாலையின் பாண்ட் கோஷ்டியை ஒழுங்கு செய்திருந்தார்கள். வாத்தியக் குழுவின் விழாவுக்கு வாத்தியம் வெளியிலிருந்து வருவதை ஒருவரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. பிரதம அதிதியாக நிற்க ஒரு ஆள் தேவைப்பட்டது. றிஷாட் உயரமானவன், அவனைப் பிடித்தார்கள். சொன்ன நேரத்துக்கு வாசலில் வந்து நின்றான். திவாகரன் ஓடிப்போய் அவனைத் தடுத்தார்.

"இப்ப வரக் குடா. பிரதம அதிதி நேரத்துக்கு வாறல்ல. ஒரு முக்கால் மணித்தியாலம் பிந்தி வாங்க. அந்த முக்கால் மணித்தியாலமும் நாங்க எப்பிடி நிக்கிற எண்டு பழக வேணும்."

றிஷாட் எதிர்த்தாற்போல் இருந்த தேநீர்க் கடையில் முக்கால் மணித்தியாலம் உட்கார்ந்திருந்தான். இங்கே எல்லாரும் வரிசையில் நின்றார்கள். மாலைத் தட்டோடு இரண்டு பேர், நினைவுச் சின்னத் தட்டோடு கண்ணகை, குச்சியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு மாஸ்டர். கால் கடுத்தது. முக்கால் மணித்தியாலம் கழித்து றிஷாட் மெதுவாக, தொலைபேசியைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே வந்தான். அருமைநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு தத்ரூபமாக ஒருவரும் செய்ததில்லை என்றார்.

திரும்பி வரும்போது றிஷாட், "அக்கா, வாசிச்சு எத்தின நாள்?" என்று கேட்டான்.

"வீட்டில தினமும் வாசிக்கிறன்."

"வீட்டில நானும்தான் வாசிக்கிறன். ஒங்கட இருபத்துநாலு பார் நடக்கும் எண்டு நினைக்கிறீங்களா?"

"அந்தப் பிள்ள வரட்டும் தம்பி. வெளிநாட்டுப் பிள்ள, வாசிக்க வேணும் எண்டு நிக்கும்," என்றாள் கண்ணகை. சொல்லும்போதே நம்பிக்கை கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது.

நிருஷா கச்சேரிக்கு நாலு நாள் முன்னதாகவே வந்து சேர்ந்தாள், பாவம், ஒத்திகை பார்க்க வேண்டுமென்று. வந்த அன்றே திவாகரன் அவளை வாகனத்தில் ஏற்றினார். போசகர்கள் வீடுகளுக்குப் போய் மரியாதை செய்ய வேண்டும். ஒரு போசகர் வீட்டுக்குப் போனால் மற்றவர் வீட்டைத் தவிர்க்க முடியாது. போன இடமெல்லாம் சாப்பாடு. இறால், நண்டு, கணவாய் என்று வைத்துக் கொடுத்தார்கள், மறுத்தால் மனம் நோகும் என்றார்கள். முதல் வீட்டுப் போசகர் பொன்னாடை போர்த்தினார். அந்தச் செய்தி அவளுக்கு முன்னால் ஓடிவிட்டது. அடுத்த வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் அகலமான கரை வைத்ததைப் போர்த்தினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அவளிடம் பதினான்கு பொன்னாடைகள் சேர்ந்திருந்தன, வயலின் பெட்டி ஒரு தரமும் திறக்கப்படவில்லை.

வெள்ளிக்கிழமைதான் கடைசி ஒத்திகை, மூன்று மணிக்கு. நாலு ஐம்பதுக்கு அவளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இறங்கியதும் நேரே தூணுக்குப் பின்னால் வந்தாள்.

"வயோலா ஆரு?"

"நான்தான் மகள்."

"அன்ரி, ரெண்டாம் பகுதியில நாம ரெண்டு பேரும்தான் தனிய. அத மட்டுமெண்டாலும் ஒருக்கா வாசிச்சுப் பாப்பம். நான் அங்க பியானோவோடதான் பழகினேன். வயோலாவோட எப்பிடி வரும் எண்டு எனக்கும் தெரியா."

இந்த உலகத்தில் அந்த மற்றப் பாதியைக் கேட்க ஆசைப்படுகிற இன்னொரு ஆளும் இருக்கிறாள். கண்ணகை வயோலாவைத் தோளில் வைத்தாள். நிருஷா வயலினை எடுத்துச் சுருதி பார்த்தாள். முதல் நாலு பாரும் வயோலா தனியாகத் தொடங்க வேண்டும். கண்ணகை இரண்டு பார் வாசித்திருப்பாள்.

"ஒலிவாங்கி பரிசோதனை. ஒன்று, இரண்டு, மூன்று. ஒலிவாங்கி பரிசோதனை," என்றார் அருமைநாயகம் மேடையிலிருந்து.

மாஸ்டரின் கை இறங்கியது. ஒலிவாங்கியைப் பரிசோதித்தவர், அதில் நல்ல ஒலி வருவதைக் கண்டு, தம்முடைய தலைமையுரையையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நினைத்தார். உரை முடியவும் காவலாளி சாவிக்கொத்தோடு வரவும் சரியாக இருந்தது.

"நாளைக்கு வாசிப்பம் அன்ரி," என்றாள் நிருஷா. அவள் குரலில் களைப்பு இருந்தது. நாலே நாளில் ஊருக்குப் பழகிவிட்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்றரைக்குக் கச்சேரி. ஏழு மணிக்கு மண்டபத்தை வேறொரு கலியாணத்துக்குக் கொடுக்க வேண்டும். அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் இருபத்துநான்கு நிகழ்ச்சிகள் இருந்தன. மங்கள விளக்கேற்றலில் தொடங்கி, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரைகள், வாழ்த்துரைகள், நினைவு மலர் வெளியீடு, மலரின் ஆய்வுரை, அந்த ஆய்வுரைக்கு ஏற்புரை என்று போய், இருபத்தோராவதாக இப்படி இருந்தது: வாத்திய இசை (நேரமிருப்பின்).

பிரதம அதிதி ஏதோ ஒரு அமைச்சின் ஏதோ ஒரு செயலாளருக்கு இணைப்பாளர். நாலே முக்காலுக்கு வந்தார். தொலைபேசியைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே வந்தார். அருமைநாயகம் பெருமையோடு திவாகரனைப் பார்த்தார். பாண்ட் முழங்கியது, மாலைகள் விழுந்தன. நிருஷாவை மேடையில் பதினாறாவது கதிரையில் உட்கார வைத்தார்கள், வயலினை மடியில் வைக்க வேண்டாம், படத்தில் நன்றாக இராது என்று வாங்கிக் கீழே தூணுக்குப் பின்னால் வைத்தார்கள்.

பேசியவர்கள் எல்லாரும் நேரத்தின் அருமை கருதிச் சுருக்கமாகப் பேசுவதாகச் சொன்னார்கள். அதைச் சொல்லவே ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் பிடித்தது. இருநூறு வருடத்துக்கு முன் இறந்துபோன ஐரோப்பியரின் சேவையைப் பற்றிப் பேசிய உபதலைவர், அன்னார் இப்பிரதேச மக்களோடு எவ்வளவு அன்னியோன்னியமாகப் பழகினார் என்பதை உருக்கமாக எடுத்துச் சொன்னார். அதைத் தொடர்ந்த இரண்டு நிமிட மௌனம்தான் அன்றைக்குக் குறித்த நேரத்துக்கு முடிந்த ஒரே நிகழ்ச்சி. பிரதம அதிதி எழுந்தார்.

"எனக்கு இசை பற்றி ஒன்றும் தெரியாது. அதனால்தான் என்னை அழைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். தெரிந்தவர்களை அழைத்தால் அவர்கள் குறை கண்டுபிடிப்பார்கள். நான் இந்தக் குழுவின் இசையை இன்னும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன், இது தேசிய மட்டத்துக்குப் போக வேண்டிய குழு," என்றார். அது அன்று பேசப்பட்டவற்றில் ஓரளவு உண்மையான பேச்சு. அதனால்தானோ என்னவோ, கைதட்டல் குறைவாக இருந்தது.

ஆறு முப்பத்தெட்டுக்கு இருபத்தோராவது நிகழ்ச்சி வந்தது. நிருஷா பதினாறாவது கதிரையிலிருந்து எழுந்து, படி இறங்கி, தூணுக்குப் பின்னால் வந்து வயலினை எடுத்தாள். மாஸ்டர் குச்சியைத் தூக்கினார். முதலாம் பகுதி தொடங்கியது. ஒத்திகையே பார்க்காத குழுவுக்கு அது மோசமில்லை. சபையில் பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள், மேடையில் பழரசம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலாம் பகுதி முழுதாக முடிந்தது. கண்ணகை கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

இரண்டாம் பகுதி. மெல்ல மெல்ல ஒவ்வொரு வாத்தியமாக ஓய்ந்தது. கடைசியாக றிஷாட்டின் கிளாரினெட் நின்றது. அவன் அவளைப் பார்த்துத் தலையை அசைத்தான். கண்ணகை வில்லை வைத்துத் தன் மூன்று சுரத்தைத் தொடங்கினாள்.

"சபையோருக்கு ஓர் அறிவித்தல்," என்றது ஒலிவாங்கி. திவாகரனின் குரல். "எமது பிரதம அதிதி அவர்கள் இன்னுமொரு நிகழ்வுக்குச் செல்ல வேண்டியுள்ளதால், அவருக்கான நினைவுச் சின்னம் இப்போது வழங்கப்படும். நினைவுச் சின்னத் தட்டுக்குப் பொறுப்பான திருமதி கண்ணகை அவர்கள் உடனடியாக மேடைக்கு வரவும்."

மாஸ்டரின் கை இறங்கியது. கண்ணகையின் காலும் எழுந்துகொள்ளத் தயாராயிற்று. அதுவும் பதினொரு வருடம் பழக்கப்பட்ட கால்தான். ஆனால் அப்போது மூன்றாவது பார் முடிந்து நாலாவது பார் ஓடிக்கொண்டிருந்தது, எதிரே நிருஷா வில்லை உயர்த்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணகை எழும்பவில்லை.

ஐந்தாவது பாரில் வயலின் வந்து சேர்ந்தது.

மேடையில் பிரதம அதிதி இரண்டு கையையும் நீட்டியபடி நின்றார். படம் பிடிப்பவர் தயாராக இருந்தார். "திருமதி கண்ணகை அவர்கள்," என்றார் திவாகரன் இரண்டாம் தரம். மூன்றாம் தரம் 'அவர்கள்' இல்லாமல் வெறும் கண்ணகை என்றார். அவளுக்கு எல்லாம் கேட்டது. ஆனால் அதைவிட மற்றது நன்றாகக் கேட்டது. இத்தனை நாளும் ஒன்றுமில்லாத மூன்று சுரம் என்று நினைத்துக்கொண்டிருந்தது, அந்தப் பிள்ளையின் பாட்டு மேலே போகும்போதெல்லாம் கீழே நின்று தாங்கிக்கொண்டிருந்தது. நடுவில் வரும் அந்த இறக்கம், ஏன் அங்கே வருகிறதென்று அவளுக்கு விளங்காமலே இருந்த இறக்கம், வயலினின் ஒரு நீண்ட சுரத்துக்குள் போய் அப்படியே பொருந்திக்கொண்டது. கண்ணகைக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு விதமாகச் சொல்ல ஒன்றுமில்லை, சந்தோஷமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. இவ்வளவு லேசாக நடக்கிற காரியத்தையா பதினொரு வருடம் நடக்க விடாமல் வைத்திருந்தார்கள் என்று நினைத்தாள்.

இருபத்துநான்காவது பார் முடிந்தது. அதன்பின் குழு முழுவதும் சேர்ந்துகொள்ள வேண்டும். சேரவில்லை. தட்டுப் பிடிக்க ஆள் இல்லாததால் மாஸ்டரை மேடைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த நினைவுச் சின்னத்தை, வாவியின் அடையாளமான பாடும் மீனின் பித்தளைச் சிலையை, தட்டில் ஏந்திக்கொண்டு, ஆடாமல் நின்றார். படம் எடுத்தார்கள். பிறகு நன்றியுரை. நன்றியுரையாளர், செவிக்கு விருந்தளித்த ஒலிபெருக்கி உரிமையாளருக்கு நன்றி கூறினார்.

நிருஷா அன்றிரவே கொழும்புக்குப் புறப்பட வேண்டும். போகும்போது கண்ணகையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருந்தது, என்ன அன்ரி?" என்றாள். "ஓம் மகள்," என்றாள் கண்ணகை.

மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது. குழுவின் இலச்சினையோடு, பதிவுத் தபாலில் வந்திருந்தது. பன்னிரண்டாம் இசைப் பருவத்தின் தொடக்க விழாவில், பிரதம அதிதி நினைவுச் சின்னத்தைப் பெறுவதற்காகக் காத்திருந்த வேளையில், தாங்கள் தங்களுக்கு ஒப்படைக்கப்பட்ட கடமையைப் புறக்கணித்து, அனுமதியின்றி வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்ததாக முறைப்பாடு கிடைத்துள்ளது, இது தொடர்பான விசாரணைக்கு வாத்தியத்துடன் சமூகமளிக்கவும் என்று இருந்தது. தனுஷா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "அம்மா, இது வாத்தியக் குழுதானே?" என்று கேட்டாள்.

விசாரணைக் குழுவில் அருமைநாயகம், திவாகரன், ஆயுட்காலப் போசகர் ஒருவர் என மூன்று பேர். போசகர் நித்திரை. திவாகரன் முன்னால், குழுவின் கூட்டங்களிலும் விழாக்களிலும் நடந்ததையெல்லாம் பதியும் கூட்டறிக்கைப் புத்தகம், தடித்த அட்டை போட்டது, விரித்து வைக்கப்பட்டிருந்தது. மாஸ்டர் எழுத்தில் வாக்குமூலம் கொடுத்திருந்தார். ஒலிவாங்கி பேசியதும் தன் கை இறங்கிவிட்டதாகவும், கை இறங்கிய பிறகு நடந்தவற்றுக்குத் தான் பொறுப்பல்ல என்றும் எழுதியிருந்தார். றிஷாட் சாட்சி சொல்ல வந்தான்.

"நான் பக்கத்திலதான் இருந்தன் சேர். அக்கா வாசிச்சா. முழுக்க வாசிச்சா. நல்லா இருந்திச்சு."

அருமைநாயகம் தலையை ஆட்டினார். "வாத்தியம் வாசிக்கிற ஆக்கள்ட சாட்சிய எடுக்க ஏலா. அவங்களுக்கு இசை விளங்கும். பக்கச்சார்பு வந்திடும். நீங்க வெளிய நில்லுங்க தம்பி."

அவன் போனதும் அருமைநாயகம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை அவர், யாரையும் தண்டிக்க விரும்பாதவர்.

"இஞ்ச பாருங்க பிள்ள. மேடையில இருந்த பதினைஞ்சு பேரையும் விசாரிச்சிற்றம். ஒராளும் ஒரு சத்தமும் கேக்கல்ல. நானும் கேக்கல்ல. வாசிச்சதுக்கு ஆதாரமே இல்ல. பதட்டத்தில வில்லக் கையில வச்சிக்கிட்டு இருந்திற்றன், வாசிக்கல்ல எண்டு ஒரு வரி எழுதித் தாங்க. விசயம் முடிஞ்சுது. அடுத்த பருவத்துக்கும் வரலாம், தட்டும் ஒங்களுக்குத்தான்."

"வாசிச்சன் எண்டா?"

"வாசிச்சீங்க எண்டா மறுகா நாங்க நீக்கத்தான் வேணும். வாத்தியமும் குழுவிட சொத்து, அதையும் ஒப்படைக்க வேணும். ஏன் பிள்ள வீணா?"

வயோலா மேசையில் கிடந்தது. கண்ணகை அதைப் பார்த்தாள். அவளிடம் வேறு வாத்தியம் இல்லை, இனி வாங்குகிற வசதியும் இல்லை. ஒரு வரி எழுதினால் அது வீட்டுக்கு வரும். நாளைக்கு மத்தியானமும் பிளேன்டீயைக் குடித்துவிட்டு அதை எடுக்கலாம், அடுத்த வருடம் அதைத் தூணுக்குப் பின்னால் வைத்துவிட்டுத் தட்டைப் பிடிக்கலாம். ஒன்றும் நடக்கவில்லை என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். அவளுக்கு மிகவும் களைப்பாக இருந்தது. எழுதிவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

"வாசிச்சன் சேர்," என்றாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சன். வாசிச்சன் எண்டே எழுதுங்க."

அருமைநாயகம் பெருமூச்சு விட்டுத் திவாகரனுக்குச் சைகை காட்டினார். திவாகரன் எழுதிவிட்டு உரத்து வாசித்தார்: "திருமதி கண்ணகை என்பவர் பன்னிரண்டாம் இசைப் பருவத் தொடக்க விழாவில் வயோலா வாசித்தமை சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகியுள்ளது. சரியா?"

"எவ்வளவு வாசிச்ச எண்டும் போடுங்க."

"எவ்வளவு?"

"இருபத்துநாலு பார். முழுக்க."

திவாகரன் அதையும் சேர்த்து எழுதினார். எழுதி முடித்தவர் எதையோ தேடுவது போலப் பக்கங்களைப் பின்னால் புரட்டினார். பத்துப் பன்னிரண்டு பக்கம், பிறகு முதல் பக்கம் வரைக்கும் புரட்டினார்.

"சேர், இந்தப் புத்தகத்தில இதுக்கு முதல் ஒரு இடத்திலயும் வாத்தியம் வாசிச்சதாகப் பதிவில்ல."

"அப்ப கவனமா எழுதுங்க. எழுத்துப் பிழை வரக் குடா," என்றார் அருமைநாயகம்.

கண்ணகை கையெழுத்து வைத்தாள். திவாகரன் குழுவின் முத்திரையைக் குத்தி, கார்பன் பிரதியைக் கிழித்துக் கொடுத்தார். வயோலாவை அதன் பெட்டிக்குள் வைத்து மூடி, இரண்டு கொளுக்கியையும் போட்டு, மேசையில் அவர் பக்கமாகத் தள்ளிவிட்டு அவள் எழுந்தாள். போசகர் விழித்து, நிகழ்ச்சி முடிந்ததென்று நினைத்துக் கைதட்டினார்.

வெளியே றிஷாட் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றான். வெறுங்கையோடு வருகிறவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"என்னக்கா, என்ன சொன்னாங்க?"

கண்ணகை பிரதியை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"நான் வாசிச்சனாம்," என்றாள்.